அம்மா குனியாம எடுக்குற மாதிரி ஒரு பெட்டி



வயல், மாடு, மழைன்னு எழுதுற எடத்துல மரச்சாமான் பத்தி எழுதினா சில பேர் சிரிப்பீங்க. ஆனா எங்க வீட்டுல இந்த ரெண்டு மாசமா மல்லாட்டையைவிட இதைப் பத்திதான் அதிகம் பேசினோம். படுக்கை அறையில துணிமணி, காகிதம் வைக்க இழுப்பறை வச்ச பெட்டி ஒன்னு தேவைப்பட்டுச்சு. எதை வாங்குறது, எங்க வைக்குறது, எந்த மரம், எவ்வளவு உயரம்னு ஒவ்வொன்னா பார்த்துத்தான் முடிவு பண்ணினோம். வீட்டுல வயசானவங்களோ சின்னப் பிள்ளையோ இருக்கிறவங்களுக்கு இது உபயோகப்படும்.

இழுப்பறைன்னு புத்தகத்துல எழுதினாலும் பேச்சுல நாம டிராயர்னுதான் சொல்றோம். டீக்கடையில "டிராயர் வாங்கலாம்னு இருக்கேன்"னு சொன்னேன். "பேரனுக்கா, உனக்கா?"ன்னு கேட்டார் ஒரு பெரியவர். நம்ம ஊர்ல டிராயர்னா அரைக்கால் சட்டைதானே! அதனால கடைசி வரைக்கும் இழுப்பறைன்னே எழுதிடுறேன்.

யோசிச்சுப் பார்த்தா நம்ம பக்கத்து வீடுகள்ல இழுப்பறைங்கிற பழக்கமே கிடையாது. நெல்லுக்குக் குதிர். வசதியான வீடுன்னா மரத்துல பத்தாயம். பருப்பு, புளி, விதைக்கு அடுக்குப்பானை. கட்டுற துணிக்குக் கொடி, விசேஷத் துணிக்கு டிரங்குப் பெட்டி. எப்பவாவது எடுக்குற சாமானுக்குப் பரண். இதுல எதை எடுத்தாலும் ஒன்னு குனியணும், இல்லன்னா ஏறணும், இல்லன்னா மேல இருக்கிறதை இறக்கி வச்சுட்டுக் கீழ இருக்கிறதை எடுக்கணும்.

அப்பறம் ஸ்டீல் பீரோ வந்துச்சு. கோத்ரெஜ் கம்பெனி ஸ்டோர்வெல் பீரோவை 1923லேயே கொண்டு வந்துட்டாங்க. எங்க வீட்டுக்கு ஒரு பீரோ வந்து சேர என் கல்யாணம் வரைக்கும் ஆச்சு. அதுவும் மாமனார் வீட்டுச் சீர். பீரோங்கிற வார்த்தை பிரெஞ்சுக்காரங்களோடது. அங்க அது எழுதுற மேசை. அமெரிக்காவுல அதே வார்த்தைக்குத் துணி வைக்குற இழுப்பறைப் பெட்டின்னு அர்த்தம். நம்மகிட்ட வந்து சேரும்போது இழுப்பறை எல்லாம் கழண்டு போயி, ரெண்டு கதவும் ஒரு கண்ணாடியும் மிச்சம்.

இனி விஷயத்துக்கு வர்றேன்.

எங்க அம்மாவுக்கு 78 வயசு. ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். தரையில உக்காந்தா எழுந்திரிக்க ஒரு ஆள் கை குடுக்கணும். அவங்க சாமான்ல பாதி கட்டிலுக்கு அடியில தகர டிரங்குப் பெட்டியில, மீதி பீரோவுல மேல் தட்டுல. கீழ குனிய முடியாது, மேல கை எட்டாது. குளிச்சுட்டு மாத்துப் புடவை எடுக்கணும்னா மருமகளைக் கூப்பிடணும். அது அடுப்பு வேலையா இருக்கும், இல்ல பேரனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கும். "இரும்மா, அப்பறம் எடுத்துக்கிறேன்"னு சொல்லிட்டு, நேத்து கட்டின புடவையையே சுத்திக்கிட்டு அம்மா திண்ணையில வந்து உக்காந்துடுவாங்க. கேட்டா யாரும் முகம் சுளிக்கிறது இல்ல. ஆனாலும் ஒரு நாளைக்கு நாலு தரம் கேட்டு வாங்குறது அவங்களுக்குப் பிடிக்கல.

ஆவணியில ஒரு நாள் யாரையும் கூப்பிடாம தானே டிரங்குப் பெட்டியை இழுக்கப் போனாங்க. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. மூணு வாரம் படுக்கை. அப்பதான் என் வீட்டுக்காரம்மா சொன்னா: "ஏங்க, அத்தைக்கு நின்னபடிக்கே எடுக்குற மாதிரி ஏதாவது ஒன்னு பண்ணிப் போடுங்க."

கடைக்குப் போறதுக்கு முன்னாடி அறையை அளந்தோம். அறை நீளம் 10 அடி, அகலம் 9 அடி. கட்டில் ஆறேகால் அடிக்கு 3 அடி, ஒரு சுவத்தை ஒட்டிக் கிடக்கு. முதல்ல கட்டிலோட கால்மாட்டுல வைக்கலாம்னு நெனச்சோம். அங்க மூணேமுக்கால் அடி காலி. பெட்டி ஒன்றரை அடி ஆழம்னா மிச்சம் ரெண்டேகால். இழுப்பறையை இழுத்தா அது ஒன்னேகால் அடி வெளிய வந்துடும். மிச்சம் ஒரு அடி. அதுல அம்மா எப்படி நிப்பாங்க? இழுப்பறைச் சாமானுக்கு இதுதான் முதல் கணக்கு. மூடி இருக்கும்போது எவ்வளவு எடம் பிடிக்குதுன்னு பார்த்தா போதாது, திறந்து வச்சு ஒரு ஆள் முன்னாடி நிக்க எவ்வளவு வேணும்னு பார்க்கணும். எதிர்ச் சுவத்துல அளந்தோம். கட்டில் போக 6 அடி. பெட்டி, திறந்த இழுப்பறை ரெண்டும் போக மூணேகால் அடி நிக்க எடம். மருமகள் கோலமாவுல தரையில கோடு போட்டுக் காட்டுச்சு. அம்மாவை அங்க நிக்க வச்சு, திரும்பச் சொல்லிப் பார்த்தோம். சரியா இருந்துச்சு.

அடுத்தது உயரம். அம்மா குள்ளம். நிக்கும்போது தரையில இருந்து அவங்க முழங்கை 3 அடி. பெட்டியோட மேல்பலகை அதுக்கு மேல போகக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். மேல இருக்கிற இழுப்பறைக்குள்ள எட்டிப் பார்க்கத் தெரியணும், பலகையில கை ஊனி நிக்கவும் முடியணும். கடையில நிக்கிறதுல முக்கால்வாசி நாலடி, நாலரை அடி. பார்க்க அம்சமா இருக்கும். அம்மாவுக்கு மேல் இழுப்பறை மூக்குக்கு நேரா வரும்.

விருத்தாசலத்துல மூணு நாலு கடை ஏறி இறங்கினேன். பார்த்ததைச் சொல்றேன்.

பிளாஸ்டிக் இழுப்பறை இருக்கு. விலை கம்மி, தூக்க லேசு, தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆகாது. ஆனா நூல் புடவை பத்து வச்சா அடி தொங்கிப் போகுது, இழுக்கும்போது கோணிக்கிட்டு மாட்டிக்குது. எலி வர்ற வீட்டுக்கும் ஆகாது. பிள்ளைங்க சட்டைக்கும் பொம்மைக்கும் சரி.

இரும்புத் தகட்டுல செஞ்சது ஆபீஸ்ல பைல் வைக்குற மாதிரி. உறுதிதான். ஆனா ஒரு தடவை இழுத்தா தெரு முனைக்குச் சத்தம் கேட்குது. தகட்டு விளிம்பு கூர்மை. வயசானவங்க தோல் காகிதம் மாதிரி, லேசா உரசினாலே கிழியும்.

அப்பறம் பலகை. கண்ணைப் பறிக்குற மாதிரி பளபளன்னு இருக்கும். "தேக்கு டிசைன் சார்"னு சொல்வாங்க. டிசைன்தான் தேக்கு. உள்ள இருக்கிறது மரச்செதிலைப் பசை போட்டு அழுத்தின பலகை. அதுலயே நைசா நார் மாதிரி அரைச்சு அழுத்தினதுதான் எம்.டி.எப். மேல ஒட்டியிருக்கிற காகிதத்துக்கும் நாடாவுக்கும் சேதம் இல்லாத வரைக்கும் ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். ஓரத்துல ஈரம் ஏறினா உப்பும். உப்பினது திரும்ப அமுங்காது, ஆணியும் பிடிக்காது. என் மச்சினன் வீட்டுல போன வருஷம் ஒன்னு வாங்கினாங்க. கடை பேர் வேணாம். ஐப்பசி மழையில பழைய சுவத்துல ஓதம் ஏறி, அடிப்பலகை டீயில நனைச்ச பிஸ்கட் மாதிரி ஆகிப் போச்சு. காரை வீட்டுலயும் மெத்தை வீட்டுலயும் ஓதம் இல்லாத அறையா இருந்தா பரவாயில்ல. எங்க வீட்டுப் பின்கட்டுச் சுவருக்கு அது சரிப்படாது.

பிளைவுட் இதைவிட மேல். ஆனா பிளைவுட்னு சொன்னா எல்லாம் ஒன்னு இல்ல. எம்.ஆர். ரகம்னா ஈரக் காத்தைத் தாங்கும், தண்ணியில நின்னா தாங்காது. ஐ.எஸ். 303ன்னு முத்திரை இருக்கும். ஐ.எஸ். 710னு இருந்தா அது மரைன் ரகம், தண்ணியைத் தாங்குற பசை போட்டது, விலையும் கூட. கடைக்காரர் வாயால சொல்றதைவிடப் பலகையில குத்தியிருக்கிற ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நம்பரையும் பாருங்க. விதை வாங்கும்போது மூட்டையில இருக்கிற சீட்டைப் பார்க்கிறோம்ல, அது மாதிரிதான்.

எந்தக் கடையில பார்த்தாலும் நான் ஒரு வேலை பண்ணுவேன். இழுப்பறையை முழுசா வெளிய இழுத்து, அடியில கையை வச்சு மேல அமுக்கிப் பார்ப்பேன். அடிப்பலகை ஒரு காகித அட்டை மாதிரி வளைஞ்சா வேண்டாம்னுட்டு நகர்ந்துடுவேன். முன்பக்கம் பார்த்து வாங்குறவங்கதான் அதிகம். கனம் தாங்குறது அடிப்பலகைதான்.

இப்படி அலைஞ்சுட்டு வந்த ஒரு சாயங்காலம் அம்மாவே கேட்டாங்க: "கொட்டாய் பரண்ல பலா பலகை கெடக்குதே, அது என்னத்துக்கு வச்சிருக்கிற?"

அந்தப் பலகைக்கு ஒரு கதை இருக்கு. எங்க ஊர் விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் நடுவுல, செம்மண் பூமி. முந்திரியும் பலாவும்தான் எங்க பெரியவங்க வச்சுட்டுப் போன சொத்து. 2011 டிசம்பர் 30 விடியக்காலம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல தானே புயல் கரை ஏறுச்சு. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கம் முந்திரி, பலா எல்லாம் வேரோட சாஞ்சுது. இருபது, முப்பது வருஷம் காய்ச்ச மரங்க ஒரே ராத்திரியில படுத்துடுச்சு. ஊர் பூரா மரம் விழுந்து கிடந்ததால வெலை கேட்க நாதி இல்ல. வந்த வியாபாரி வெறகு வெலைக்குக் கேட்டான். எங்க கொல்லையில தாத்தா வச்ச பலா ஒன்னு விழுந்துச்சு. அப்பா அதை மட்டும் குடுக்கல. அறுவை மில்லுல குடுத்து ஒரு அங்குலப் பலகையா அறுத்து, பலகைக்குப் பலகை நடுவுல குறுக்குச் சட்டம் குடுத்து மாட்டுக்கொட்டாய் பரண்ல அடுக்கினார். அப்பா போயி ஏழு வருஷம் ஆச்சு. பலகை மட்டும் அப்படியே கிடந்துச்சு.

பலாவைச் சாதாரணமா நெனைக்காதீங்க. தஞ்சாவூர் வீணை, மிருதங்கம் எல்லாம் பலாவுலதான் செய்றாங்க. அதுக்குப் பண்ருட்டிப் பக்கத்து மரம் போகும். தஞ்சாவூர் வீணைக்கு 2013ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. அறுத்த புதுசுல மஞ்சளா இருக்கும், நாளாக ஆக பழுப்பேறி தேன் நிறத்துக்கு வரும். வைரம் பாய்ஞ்ச பாகத்தைக் கரையான் அவ்வளவு லேசுல தொடாது. வெளிச்சுத்து வெள்ளைப் பாகம் அப்படி இல்ல, அதைப் பூச்சி துளைக்கும். ஆசாரி அண்ணன் பரண்ல ஏறி ஒவ்வொரு பலகையா நகத்தால கீறி, தட்டி, மோந்து பார்த்தார். ஓரத்து வெள்ளையை எல்லாம் கழிச்சுட்டார். "ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு எங்க கணக்கு தம்பி. இது 14 வருஷம் காஞ்சிருக்கு. இனிமே இது முறுக்காது"ன்னார்.

முறுக்காதே தவிர, உப்பாம இருக்காது. மரம் செத்த பிறகும் மழைக்காலத்துல ஈரத்தைக் குடிச்சு விரியும், கோடையில சுருங்கும். பீங்கான் அப்படி இல்ல. எங்க விருத்தாசலம் பீங்கான் ஊர்ல, அதனால இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். களிமண்ணைக் கூழாக் கரைச்சு பிளாஸ்டர் அச்சுல ஊத்தி, காய வச்சு, சூளையில ஆயிரம் டிகிரிக்கும் மேல சுடுறாங்க. காயும்போதும் சுடும்போதும் நல்லாவே சுருங்கும். அதைக் கணக்குப் பண்ணி அச்சையே பெருசாத்தான் செய்வாங்க. சூளையை விட்டு வெளிய வந்தா முடிஞ்சுது, அப்பறம் அளவு மாறாது. மரம் ஆயுசு பூரா மாறிக்கிட்டே இருக்கும். அதனால இழுப்பறையை இறுக்கமாச் செஞ்சா கோடையில அழகா இருக்கும், கார்த்திகை மழையில திறக்க முடியாது. அம்மாவால மல்லுக்கட்ட முடியுமா? ஆசாரி ஒவ்வொரு பக்கமும் தாராளமா எடம் விட்டுத்தான் செஞ்சார். செஞ்சது புரட்டாசி கடைசியில. அதுக்கப்பறம் நல்ல மழை அடிச்சுப் பார்த்தாச்சு, எங்கயும் பிடிக்கல. உங்க வீட்டுல பழைய மர இழுப்பறை பிடிச்சுக்கிச்சுன்னா உடனே இழைக்கக் குடுக்காதீங்க. மழைக்காலம் போயி காஞ்ச பிறகும் பிடிச்சா இழைச்சுக்கலாம். அதுவரைக்கும் மெழுகுவத்தியை ஓரத்துல தேய்ச்சா போதும்.

அளவு கேட்டீங்கன்னா: அகலம் 3 அடி, ஆழம் ஒன்றரை அடி, உயரம் 3 அடி. கால் 5 அங்குலம். அடியில தொடப்பம் நுழையணும், கரையான் மண் ஏறினா கண்ணுக்குத் தெரியணும். மேல் வரிசையில ரெண்டு சின்ன இழுப்பறை, 6 அங்குலம். அதுக்குக் கீழ முழு அகலத்துக்கு மூணு: 7 அங்குலம், 8, 8. மேல சின்னது, கீழ பெருசு. அடிப்பலகைக்கும் பின்பக்கத்துக்கும் மட்டும் பிளைவுட். கடைசி இழுப்பறை அம்மாவுக்குக் கிடையாது. அதுக்குக் குனியணும். அதுல போர்வையும் பேரன் துணியும்.

இழுக்குறதுக்கு மரச்சட்டமா, இரும்புச் சேனலான்னு ஒரு பேச்சு வந்துச்சு. மரச்சட்டம் காலத்துக்கும் வரும், ஆனா கனம் ஏறினா ரெண்டு கையால இழுக்கணும். குண்டு வச்ச டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு விரலுக்கு வரும். தானா மெதுவா மூடிக்கிற சேனலும் இருக்கு, கடைக்காரர் அதைத்தான் காட்டினார். இழுத்துப் பார்த்தேன். மூட சுகமா இருக்கு, திறக்கும்போது முதல்ல ஒரு பிடிப்பு இருக்கு. அம்மா கைக்கு அது வேணாம்னு சாதாரணச் சேனலே போட்டோம்.

கைப்பிடியிலதான் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துப் போகல. பீங்கான் ஊர்ல இருந்துக்கிட்டுப் பீங்கான் குமிழ் போடாம என்ன பெட்டின்னு எனக்கு ஆசை. நெய்வேலிச் சுரங்கத்துல கரி எடுக்கத் தோண்டும்போது வர்ற களிமண்ணு எங்க பக்கம் பீங்கான் ஆகுது. கொலு பொம்மை, கப்பு சாசர், கரண்ட்டு பியூஸ் கட்டைன்னு எத்தனையோ இங்க செய்றாங்க. பீங்கான் தொழில் படிக்க அரசாங்க நிறுவனமே இருக்கு. தொழிற்பேட்டையில வேலை பார்க்குற ஒரு தெரிஞ்சவர்கிட்ட சொல்லி, வெள்ளையில நீலப்பூ போட்ட குமிழ் எட்டு வாங்கிட்டு வந்தேன். அம்மா ஒன்னைக் கையில வாங்கி உருட்டிப் பார்த்தாங்க. "பூ நல்லா இருக்குதுடா. என் வெரலு மடங்காதே"ன்னாங்க. உண்மைதான். குமிழைப் பிடிக்க விரல் நுனியில பலம் வேணும். வளைஞ்ச கைப்பிடின்னா நாலு விரலையும் உள்ள விட்டு, கையை அப்படியே பின்னால சாய்ச்சா போதும். பெரிய மூணு இழுப்பறைக்கும் அகலமான ஸ்டீல் கைப்பிடி போட்டோம். மேல இருக்கிற சின்னது ரெண்டுக்கு மட்டும் குமிழ். அதுலயும் ஒன்னுல அம்மா ஒரு பழைய துணி வளையம் கட்டி வச்சிருக்காங்க, அதைப் பிடிச்சுத்தான் இழுக்குறாங்க. மிச்சம் ஆறு குமிழ் என்கிட்ட சும்மா இருக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.

இனி சொல்றதை மட்டும் கொஞ்சம் கவனமாப் படிங்க.

பேரனுக்கு ரெண்டரை வயசு. எதைப் பார்த்தாலும் ஏறுவான். பெட்டி செய்றோம்னு சொன்னதும் சென்னையில இருந்து மகன் போன்ல, "அப்பா, சுவத்தோட பிடிச்சு மாட்டாம வைக்காதீங்க"ன்னான். ஏண்டான்னு கேட்டதுக்கு ஒரு சேதி அனுப்பினான். ஐகியான்னு பெரிய கம்பெனி, 2018ல ஐதராபாத்துலயும் கடை திறந்தாங்க. அவங்க அமெரிக்காவுல வித்த மால்ம் முதலான இழுப்பறைப் பெட்டிங்க பிள்ளைங்க மேல சாஞ்சு சில பிள்ளைங்க செத்துப் போச்சு. 2016 ஜூன்ல சுமார் 2 கோடியே 90 லட்சம் பெட்டியைத் திரும்பப் பெறுறதா அறிவிச்சாங்க. 2022 டிசம்பர்ல அந்த நாட்டுல இதுக்குன்னே சட்டம் போட்டாங்க. 27 அங்குலமும் அதுக்கு மேலயும் உயரம் உள்ள பெட்டி, 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ எடையுள்ள பிள்ளை வரைக்கும் தாங்கி நிக்குதான்னு சோதிக்கணும். நம்ம பெட்டி 36 அங்குலம்.

காரணம் சிக்கலே இல்ல. இழுப்பறை எல்லாம் மூடி இருந்தா கனம் நடுவுல இருக்கும். ஒவ்வொன்னா வெளிய வர வர கனம் முன்னால வருது. ஒரு பிள்ளை கீழ் இழுப்பறையைப் படி மாதிரி மிதிச்சு, மேல் இழுப்பறையைப் பிடிச்சு ஏறினா பெட்டி முன்பக்கமாக் கவிழும். பிள்ளைங்க எல்லா இழுப்பறையையும் ஒன்னா இழுத்துப் போட்டு விளையாடும்ங்கிறது நமக்குத் தெரியாததா? ஆசாரி அண்ணன் நம்பல. "இது அறுபது கிலோ இருக்கும் தம்பி, இதையா ஒரு பொடியன் சாய்ப்பான்?"ன்னார். அஞ்சு இழுப்பறையையும் முழுசா இழுத்து, உள்ள புடவைக்குப் பதிலா மல்லாட்டை வச்சு, மேல் இழுப்பறை ஓரத்தை ஒரு கையால அமுக்கினேன். பெருசா பலம் எல்லாம் போடல. பின்னங்கால் ரெண்டும் தரையை விட்டு எழும்புச்சு. அவர் ஒன்னும் பேசல, போயி எல் ஆங்கிள் ரெண்டு எடுத்துட்டு வந்தார்.

செங்கல் சுவத்துல துளை போட்டு, பிளக் அடிச்சு, திருகாணி போட்டு ரெண்டு மூலையிலயும் பிடிச்சாச்சு. பழைய சுவர்னா மேல் பூச்சுல மட்டும் ஆணி நின்னா பிரயோஜனம் இல்ல, உள்ள கல்லைப் பிடிக்கணும். கனமான சாமான் கீழ் இழுப்பறைக்குப் போகணும். மேல டிவி வைக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆசை காட்டுற மிட்டாய் டப்பா, பொம்மை எதையும் பெட்டி மேல வைக்கக் கூடாது. உங்க வீட்டுல ஸ்டீல் பீரோ, புத்தக அலமாரி எது இருந்தாலும் இதே கதைதான். செலவு நூறு ரூபாய், வேலை அரை மணி நேரம். பிள்ளை இருக்கிற வீடுன்னா இன்னிக்கே பண்ணிடுங்க.

இன்னொன்னு, பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போடுற பழக்கத்தை விட்டுட்டோம். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், பிள்ளை வாயில போட்டா ஆபத்து. காஞ்ச வேப்பிலையும் நொச்சியும் துணியில முடிஞ்சு போட்டிருக்கோம். மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

செலவையும் சொல்லிடுறேன். இழைப்பு மிஷினுக்கு 900. ஆசாரிக்கு 7 நாள், நாளுக்கு 1,200. உதவி ஆளுக்கு 700. அது 13,300. சேனல் அஞ்சு ஜோடி 1,750. பிளைவுட் 1,900. பாலிஷ் 1,200. கைப்பிடி 360, பூட்டு 180, ஆங்கிள் திருகாணி 100. மொத்தம் 19,690 ரூபாய். மரத்துக்குக் காசு கிடையாது. கடையில இதே அளவு பலகைப் பெட்டி 9,000ல இருந்து இருக்கு. அதனால சொந்த மரம் இருந்தா மலிவுன்னு நான் சொல்ல மாட்டேன். மரம் வீட்டுல இல்லாதவங்க, ஓதம் இல்லாத அறையா இருந்தா, நல்ல பிளைவுட்ல உயரம் கம்மியா வாங்கி சுவத்தோட பிடிச்சுக்கலாம். அதுவும் வேலைக்கு ஆகும்.

மேல பூட்டு 180ன்னு எழுதினேன்ல, அது அம்மா கேட்டது. இடது பக்கம் சின்ன இழுப்பறைக்குப் பூட்டு வேணும்னாங்க. "நம்ம வீட்டுல யாரும்மா எடுக்கப் போறா?"ன்னேன். "யாரும் எடுக்க மாட்டாங்கடா. நான் ஒன்னு வச்சா வச்ச எடத்துல இருக்கணும், அவ்ளோதான்"னாங்க. சாவி இப்ப அவங்க சுருக்குப்பையில.

பெட்டி வந்த அன்னிக்கு டிரங்குப் பெட்டியை வெளிய இழுத்து, அம்மா நாற்காலியில உக்காந்து ஒவ்வொன்னா எடுத்துக் குடுக்க, மருமகள் அடுக்குச்சு. கட்டுற புடவை, ரவிக்கை ரெண்டாவது வரிசையில. மருந்து, மூக்குக் கண்ணாடி, தைலம் வலது சின்ன இழுப்பறையில. அப்பாவோட வேட்டி ஒன்னு, அப்பா கையெழுத்துப் போட்ட கூட்டுறவு பாஸ் புத்தகம் ஒன்னு. அதுக்கு அடியில மஞ்சத் துணியில சுத்தி ஒரு புதுப் புடவை, அதுக்குள்ள காசு. ஆட்டுக்குட்டி வித்தது, முந்திரிக்கொட்டை பொறுக்கினதுன்னு சேர்த்து வச்சது. எங்க பக்கம் வயசான பொம்பளைங்க பல பேர் இப்படி ஒன்னு வச்சிருப்பாங்க. எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பிள்ளைங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுங்கிற ரோஷம். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "இதை ஏம்மா இப்ப எடுத்துக்கிட்டு"ன்னேன். அம்மா என்னைக் கவனிக்கவே இல்ல. அதைப் பூட்டு இழுப்பறையில வச்சு, தானே எழுந்து நின்னு மூடி, மருமகள்கிட்ட சொன்னாங்க: "எங்க இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா போதும். சாவி இந்தப் பையில."

அதுக்கு அப்பறம் ரெண்டு மாசம் ஆச்சு. காலையில அம்மா குளிச்சுட்டு வந்து, மேல்பலகையில ஒரு கையை ஊனி, இன்னொரு கையால இழுத்து, அன்னிக்கு எந்தப் புடவைன்னு நின்னு யோசிச்சு எடுக்குறாங்க. சில நாள் ரெண்டு மூணு எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வைக்குறாங்க. முன்னாடி கேட்டு வாங்கும்போது, குடுத்ததைக் கட்டிக்கிட்டவங்க. மருமகளுக்கும் காலையில ஒரு வேலை குறைஞ்சுது.

டிரங்குப் பெட்டி காலி. நல்ல தகரம், எலி நுழையாது. மார்கழிப் பட்டத்து மல்லாட்டைக்கு விதை மூட்டையை அதுல வச்சிருக்கேன். விதைப்பு எப்படிப் போகுதுன்னு அடுத்த பதிவுல எழுதுறேன்.